நூல் பிடுங்கி எடுத்த சேலை

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை விருதுநகர் மண்டபத்தில் போட்டிருந்த துணிக் கண்காட்சியில் நான் செய்த காரியத்தால் உங்கள் இரண்டு பேருக்கும் வெட்கமாகிப் போயிற்று என்று எனக்குத் தெரியும். மகள் ஆசையாக எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்த கவுன் அது. அந்தக் காலத்து மாடலில் தைத்தது. உப்பிய பஃப் கை, கையால் முடிச்சுப் போட்ட சுங்குடித் துணி. கடையில் நின்ற பெண், "வின்டேஜ் கலெக்‌ஷன் அங்கிள், எல்லாமே ஹேண்ட்மேட்" என்று மரியாதையாகத்தான் சொன்னது. நான் கவுனின் உள்பக்கத்தைத் திருப்பி, மடிப்போரத்தில் நகத்தை விட்டு ஒரு நூலைப் பிடுங்கினேன். நீங்கள் இரண்டு பேரும் என்னை யாரென்றே தெரியாத மாதிரி நகர்ந்துபோய், பக்கத்துக் கடையில் சுடுமண் கம்மல்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டீர்கள். மகன் மட்டும் திரும்பி, "அப்பா, ப்ளீஸ்ப்பா" என்று பல்லைக் கடித்தான்.

நூலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கவுனையும் வாங்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் நீங்கள் இரண்டு பேரும் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டீர்கள்.

நான் பத்தாவதோடு அச்சுப் பிரஸ் வேலைக்குப் போனவன். ஒரு விஷயத்தைக் கோவையாகப் பேசிச் சொல்ல எனக்கு வராது. பாதியில் பேச்சு வேறெங்கோ போய்விடும், நீங்களும் எழுந்து போய்விடுவீர்கள். அதனால் எழுதி வைக்கிறேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. திருத்தங்கலில் இப்போது நாம் இருக்கிற இதே வீடுதான், மாடி மட்டும் கிடையாது. என் அப்பா, அதாவது உங்கள் தாத்தா, பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தார். அப்பாவின் தங்கைக்கும் பட்டாசு வேலைதான், வேறு கம்பெனியில். நீங்கள் மல்லாங்கிணறு போனால் பை நிறைய வேர்க்கடலையைத் திணித்து அனுப்புகிறாளே, அந்த அத்தைதான். அவள் அப்போது எங்களோடு இருந்தாள். நடந்தால் பாவாடை பறக்கும், பேசினால் தெருவே சிரிக்கும்.

மல்லாங்கிணற்றிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. கொஞ்சம் மானாவாரி நிலம் வைத்து, மழையை நம்பிக் கொத்துமல்லியும் கடலையும் போடுகிற குடும்பம். அத்தைக்கு மாப்பிள்ளையை விட அந்த நிலத்தின் மேல்தான் ஆசை என்று அம்மா கேலி செய்வாள். அதில் பாதி உண்மை. அந்த வீட்டுக்குப் போய்விட்டால் அவள் மருந்து அறைக்குப் போக வேண்டியதில்லை. பட்டாசுக்குள் அடைக்கிற ரசாயனப் பொடியைத்தான் எங்கள் பக்கம் மருந்து என்று சொல்வோம். அதைத் தொட்டுத் தொட்டு அத்தையின் உள்ளங்கை ரேகைகளிலெல்லாம் அலுமினியப் பவுடர் ஏறி வெள்ளிக்கம்பி மாதிரி மின்னும். எத்தனை சீயக்காய் போட்டாலும் போகாது. முன்னால் பார்க்க வந்த ஒரு குடும்பம் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்கிறோம் என்று எழுந்து போயிற்று.

"போனவுக இன்னும் ஊருக்குப் போய்க்கிட்டேதான் இருக்காக" என்று அம்மா சொல்வாள். அத்தையும் சிரிப்பாள். ஆனால் சோறு பிசைகிறபோது கையை மூடி மூடித் திறந்து பார்த்துக்கொள்வாள்.

அதனால் இந்தத் தடவை நல்ல சேலையாக ஒன்று வேண்டும் என்றாள். கையைப் பார்க்காமல் சேலையைப் பார்க்கும்படி இருக்க வேண்டுமாம். அவளோடு வேலை பார்த்த ஒருத்தி மாம்பழ மஞ்சளில் நைலான் சேலை எடுத்திருந்தாள். கையில் பிடித்தால் தண்ணீர் மாதிரி வழியும் என்று அத்தை எனக்குப் பலமுறை வர்ணித்திருக்கிறாள். நானும் அந்தச் சேலையைக் கனவில் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

சேலை எடுக்க அப்பாதான் கூட்டிப் போவதாகச் சொன்னார். அம்மா நம்பவே இல்லை. "ஒங்க அண்ணன்கூடப் போனா சேலையா வரும்? கதர் வேட்டியத்தான் ரெண்டாக் கிழிச்சுக் குடுப்பாக" என்றாள். அம்மாவுக்குப் பட்டாசுக் குழாய் உருட்டுகிற வேலை குவிந்து கிடந்ததால் அவள் வரவில்லை. நானும் அத்தையும் அப்பாவும் விருதுநகருக்குப் பஸ் ஏறினோம். நான் எதற்கு என்றால், கடையில் குளிர்ந்த கலர் சோடா தருவார்கள் என்று அத்தை சொல்லியிருந்தாள்.

முதல் கடையின் வாசலிலேயே ஒரு வேடிக்கை நடந்தது. காக்கிச் சட்டை போட்ட காவல்காரர் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அத்தை அவரைப் பார்த்ததும் செருப்பை விட்டாள், வளையல்களைக் கழற்றினாள், கொண்டை ஊசியை உருவினாள், எல்லாவற்றையும் அவர் முன்னால் நீட்டினாள். பட்டாசுக் கம்பெனி வாசலில் தினமும் செய்கிற காரியம் அது. உலோகம் உரசினால் பொறி வரும் என்று ஒரு ஊக்கைக்கூட உள்ளே விடமாட்டார்கள். காவல்காரர் திகைத்துப் போய், "என்னம்மா, வளையல அடகு வச்சுட்டா சேல எடுக்கப் போறீக?" என்றார். அத்தைக்கு அப்போதுதான் இது கம்பெனி வாசல் இல்லை என்று உறைத்தது. சிரிப்பை அடக்க முடியாமல் வளையல்களை என் கால்சட்டைப் பையில் திணித்தாள். நான் நடந்தபோதெல்லாம் கிணுகிணு என்று சத்தம் வந்தது.

உள்ளே அந்த மாம்பழ மஞ்சள் இருந்தது. விற்பனைக்காரர் விசிறினார் பாருங்கள், கடையே ஒரு நொடி மஞ்சளாகிப் போயிற்று. அத்தை தொடக்கூட இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

அப்பா குனிந்து முந்தானையின் ஓரத்தைத் திருப்பினார். ஒரு நூலைப் பிடுங்கினார். வெளியே போய்விட்டார்.

நான் பின்னாலேயே ஓடினேன். எதிரே ஒரு பெட்டிக்கடையில் பீடி பற்றவைக்கத் தொங்கவிட்ட தேங்காய்நார்க் கயிறு கனன்றுகொண்டிருந்தது. பட்டாசு வேலைக்காரர் சட்டைப் பையில் தீப்பெட்டி இருக்காது, அது உங்களுக்கே தெரியும். அப்பா கயிற்றின் நுனியை ஊதி, நெருப்பில் நூலை வைத்தார். நூல் எரியவில்லை. சுருண்டது, உருகியது, கடுகுபோல ஒரு கறுப்பு மணியாகித் தொங்கியது. எனக்கு அது மிகவும் அழகாகத் தெரிந்தது. "அப்பா, அத எனக்குத் தாங்கப்பா" என்று கையை நீட்டினேன். அப்பா அதைத் தரையில் போட்டுச் செருப்பால் தேய்த்துவிட்டார்.

உள்ளே வந்து, "இது வேண்டாம்" என்றார்.

அடுத்த கடையிலும் அதேதான். சேலை வழவழப்பாக இருந்தது, அப்பா நூலைப் பிடுங்கினார், வெளியே போனார், திரும்பி வந்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அத்தை பொறுமை இழந்துவிட்டாள்.

"அண்ணே, கம்பெனிக்குள்ளதான் நைலான் கூடாது. நா இனி மருந்து ரூமுக்கா போகப்போறேன்? காட்டு வேலைக்குத்தான போறேன்? அங்கன என்ன பொறியா பறக்கப்போவுது?"

"வேற பாரு தாயி."

"எம்புட்டுக் கடைதான் பாக்க? ஒவ்வொரு சேலையா நூலப் பிடுங்கினா, கடைசீல விருதுநகருக்கே நூல் பத்தாதுண்ணே."

அப்பா சிரிக்கவில்லை. அத்தை சொன்னதில் என்ன தப்பு என்று எனக்கு விளங்கவே இல்லை. காட்டில் என்ன நெருப்பு இருக்கிறது? நான் மனசுக்குள் அத்தையின் கட்சிதான்.

மூன்றாவது கடைக்காரர் விவரமானவர். அப்பா நூலோடு வெளியேறியதும் பின்னாலேயே வந்து, பெட்டிக்கடையில் நடந்ததைப் பார்த்துவிட்டார். அப்பா திரும்பி வந்ததும் கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டார்:

"என்ன அண்ணாச்சி, சேல எடுக்க வந்தீகளா, இல்ல கொள்ளி வைக்க வந்தீகளா?"

கடையே சிரித்தது. சேலை மடித்துக்கொண்டிருந்த பையன்கள் சிரித்தார்கள், கலர் கொண்டுவந்தவர் சிரித்தார், எனக்கும் சிரிப்பு வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அது பாதியில் நின்றுவிட்டது. கோபம் வந்தால் அப்பாவின் முகம் கறுக்கும். அன்றைக்குக் கறுக்கவில்லை, வெளுத்தது. வெளியே போய், ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டார்.

அத்தை கடைக்காரரிடம் சன்னமான குரலில், "அண்ணாச்சி, நீங்க வெளையாட்டுக்குத்தான் சொன்னீக. ஆனா அந்த வார்த்தைய எங்க அண்ணங்கிட்டச் சொல்லாதீக" என்றாள். பிறகு மடியில் கிடந்த சேலையை, குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி மெதுவாக மேஜையில் வைத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள். ஒரு லாரி போயிற்று. பிறகு சொன்னாள்: "வாண்ணே. நூல் சேலையே பாப்போம். எனக்கும் இந்த வழவழப்பெல்லாம் இடுப்புல நிக்காது."

எனக்கு ஏமாற்றமாகப் போயிற்று. சற்று முன்புவரை அந்த வழவழப்புக்காகத்தானே சண்டை போட்டாள்? பெரியவர்கள் இப்படித்தான், கலர் வருகிற நேரத்தில் கடையை விட்டு எழுந்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சந்துக்குள் ஒரு வீட்டின் முன்னறையில் ஒரு அம்மாள் மதுரைச் சுங்குடிச் சேலைகள் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். பெயர்ப்பலகையும் இல்லை, கண்ணாடி அலமாரியும் இல்லை. பாயை விரித்து எங்களை உட்காரச் சொன்னார். ஒரு அரக்குச் சிவப்புச் சேலையை எடுத்துப் போட்டார். அது சேலை மாதிரியே இல்லை. முழுக்கச் சுருங்கி, சின்னச் சின்ன முடிச்சாக, வேர்க்கடலை மூட்டை மாதிரி கரடுமுரடாக இருந்தது. கையால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கியது, முடிச்சை அவிழ்த்தால் அந்த இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும், கைவேலை என்று தெரியட்டும் என்று அவிழ்க்காமலே வைத்திருக்கிறேன் என்றார்.

அப்பாவின் கை தானாக ஓரத்தைத் தேடிப் போயிற்று.

"சிவகாசிப் பக்கமா?" என்றார் அந்த அம்மாள்.

"ஆமா. எப்படிச் சொல்லுதீக?"

"அங்கன இருந்து வாரவுகதான் மொதல்ல நூலப் பிடுங்குவாக. வெலையப் பெறகுதான் கேப்பாக." அவரே ஒரு நூலை உருவிக் கொடுத்தார். "பெட்டிக்கடைக்கு அலைய வேண்டாம். உள்ள அடுப்பு எரியுது, போய்ப் பாத்துக்கோங்க."

நூல் எரிந்தது. காகிதம் எரிந்த வாசம் வந்தது. அப்பா சாம்பலை விரலால் நசுக்கினார். பொடிந்து ஒன்றுமில்லாமல் போயிற்று. அன்றைக்கு அவர் முகத்தில் உயிர் வந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

அந்த அம்மாள் சேலையின் ஒரு பக்கத்தை அத்தையிடமும் மறுபக்கத்தை என்னிடமும் கொடுத்து, "இழுங்க" என்றார். இழுத்தோம். முடிச்சுகள் தெறித்து அவிழ்ந்தன. தூரத்தில் யாரோ சரவெடி கொளுத்திய மாதிரி பொடபொடவென்று ஒரு சின்னச் சத்தம். சிவப்புத் துணி முழுக்க வெள்ளைப் புள்ளி பூத்துக்கொண்டே வந்தது. அத்தை "அண்ணே, இங்க பாரேன்!" என்று கத்தியே விட்டாள். நான் இன்னொரு தடவை முடிச்சுப் போட்டுத் தரச் சொல்லி அழுதேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் உங்களுக்கு நான் எழுதியிருக்க மாட்டேன்.

ஊருக்கு வந்ததும் அத்தை ஒரு காரியம் செய்தாள். நம் முன்னறையில் தாத்தா போட்டோவுக்குப் பக்கத்தில், பஃப் கை ஜாக்கெட் போட்டு நிற்கிற ஒரு பெண்ணின் கறுப்பு வெள்ளைப் போட்டோ இருக்கிறதல்லவா? அது மூத்த அத்தை. அப்பாவுக்கு நேர் இளையவள், நான் பிறக்கும் முன்பே இறந்துபோனவள். எனக்கு அப்போது தெரிந்தது அவ்வளவுதான். அந்தப் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு அத்தை தையல்காரரிடம் போனாள்.

"இதே மாதிரி கை வச்சுத் தைங்க."

தையல்காரர் போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏத்தா, இது எந்தக் காலத்து மாடலு? இப்ப எவ வைக்கா பஃப் கை?"

"எவளும் வைக்கலேன்னுதான் நா வைக்கச் சொல்லுதேன். சுருக்கம் அம்புட்டும் அப்பிடியே வரணும். எண்ணிப் பாப்பேன்."

பெண் பார்க்க வந்த அன்று காலையில் அத்தை அந்தச் சுங்குடியைக் கட்டி, பஃப் கை ஜாக்கெட் போட்டு அறையிலிருந்து வெளியே வந்தாள். அம்மா பூத் தொடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். அப்பா அத்தையைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தார். மறுபடியும் அத்தையைப் பார்த்தார். "நல்லாருக்கு தாயி" என்று சொல்லிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார். வீட்டில் எல்லாக் குடமும் நிறைந்துதான் இருந்தது. அப்பாவுக்கு அந்தச் சட்டை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நான் அத்தைக்காக வருத்தப்பட்டேன்.

மல்லாங்கிணற்றுக்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா அத்தையை உட்காரவைத்து, நேராக அவள் கையைத்தான் பிடித்தார். விரித்தார். அவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்கூட்டுப் பிள்ளைக கையெல்லாம் கரிசல் ஏறிக் கருத்துக் கெடக்கு. ஒங்கையி வெள்ளியா மின்னுது. இதுல என்னத்தக் கொறை சொல்ல?" பிறகு முந்தானையைத் தூக்கிப் பார்த்தார். "கைமுடிச்சுச் சுங்குடி! ஏத்தா, இந்தக் காலத்துல இப்படிப் பாத்து எடுக்க ஆளிருக்கா? யாரு எடுத்தது?"

"எங்க அண்ணன்" என்றாள் அத்தை. ஜமீன்தார் வீட்டுப் பெண் சொல்கிற மாதிரி சொன்னாள்.

பத்தாவது முடித்து நான் முதல் நாள் பிரஸ்ஸுக்குக் கிளம்பியபோதுதான் அம்மா எனக்கு மீதியைச் சொன்னாள். புதிதாக எடுத்த, பாலியஸ்டர் கலந்த டெரிகாட்டன் சட்டையைப் போட்டிருந்தேன். அப்பா அதைக் கழற்றச் சொல்லிவிட்டுப் போனார். பிரஸ்ஸில் என்ன மருந்தா இருக்கிறது என்று நான் முணுமுணுத்தேன். அம்மா என்னை உட்காரவைத்தாள்.

மூத்த அத்தை ஒரு தீபாவளிக்கு முந்தைய நாள் கம்பெனிக்குப் போயிருக்கிறாள். அன்று வேலை கிடையாது, அறையைக் கூட்டி அள்ளிவிட்டு போனஸ் வாங்கி வருகிற நாள். புதுச்சேலையைத் தோழிகளுக்குக் காட்ட வேண்டும் என்று கட்டிக்கொண்டு போனாள். கூட்டும்போது மூலையில் கிடந்த மருந்து பற்றிக்கொண்டது. பெரிய விபத்துகூட இல்லை. பக்கத்தில் நின்ற பெண்களின் நூல் சேலையில் பிடித்த நெருப்பைச் சாக்கை நனைத்துப் போட்டு அணைத்துவிட்டார்கள். அவர்களுக்குக் கொப்புளத்தோடு போயிற்று. மூத்த அத்தையின் சேலை உருகி உடம்போடு ஒட்டிக்கொண்டது.

அது நைலான் சேலை. மாம்பழ மஞ்சள். அப்பா தன் முதல் போனஸில் தங்கைக்கு ஆசையாக எடுத்துக் கொடுத்தது.

அத்தைக்கு இது தெரியும். அப்போது அவள் சின்னப் பெண், ஆனாலும் தெரியும். மஞ்சள் சேலைக்கு ஆசைப்பட்ட பிராயத்தில் அதை மறந்திருந்தாள், அவ்வளவுதான். அந்தக் கடைக்காரரின் ஒரு வார்த்தையில் ஞாபகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் அப்பாவிடம் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. அக்காவின் சட்டைக் கையை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டாள். பேசியிருந்தால்கூட அவ்வளவு சொல்லியிருக்க முடியாது. தண்ணீர்க் குடத்தோடு போன அப்பாவுக்கு அது புரிந்தது. எனக்குத்தான் புரியவில்லை.

கரிசல் காட்டில் என்ன நெருப்பு என்று கேட்டேனே, நெருப்பு அப்பாவுக்குள் இருந்தது. விருதுநகர்க் கடைக்காரர்கள் எல்லாரும் பார்த்துச் சிரிக்க, ஒவ்வொரு கடையிலும் அவர் அந்தக் கறுப்பு மணியைத் தன் கையாலேயே மறுபடி மறுபடி உருக்கிப் பார்த்திருக்கிறார். எவ்வளவு வலித்திருக்கும்! ஆனாலும் ஒரு தடவைகூட யாரிடமும் காரணம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அத்தை அந்தச் சுங்குடியைப் பயந்தே கட்டியிருப்பாள். சந்தோஷமாகக் கட்டட்டும் என்று விட்டுவிட்டார். அப்படி ஒருவருக்குப் பிள்ளையாகப் பிறந்ததற்கு நான் எந்தச் சாமிக்கு நன்றி சொல்ல? அப்படி ஒரு அத்தை வாய்த்ததற்கு எந்தச் சாமிக்கு?

நாம் இப்போது யாரும் மருந்து வேலைக்குப் போவதில்லை. நீங்கள் படிக்கிறீர்கள், எனக்கு பிரஸ், உங்கள் அம்மாவுக்கு நர்சரிப் பள்ளி. நூல் பிடுங்க ஒரு அவசியமும் இல்லைதான். ஆனாலும் மகளே, நீ அந்தப் பஃப் கையைத் தோளில் வைத்துக்கொண்டு கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தபோது, சுவரில் இருக்கிற அந்தப் பெண் இறங்கி வந்து நின்ற மாதிரி இருந்தது. என் விரல் எனக்கு முன்னால் போய்விட்டது. அந்தக் கடைப் பெண்ணிடம் என் சார்பில் நீங்கள்தான் ஒருநாள் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை நீங்கள் பள்ளிக்கும் உங்கள் அம்மா வேலைக்கும் போன பிறகு, நான் சட்டைப் பையிலிருந்து அந்த நூலை எடுத்து அடுப்பில் காட்டினேன். காகிதம் எரிந்த வாசம் வந்தது. சாம்பல் விரலில் பொடிந்தது. பருத்திதான். கையைக் கழுவிவிட்டு, கவுனைப் பையிலிருந்து எடுத்தேன். பஸ் நெரிசலில் பஃப் கை இரண்டும் நசுங்கிப் போயிருந்தன. பிரஸ்ஸிலிருந்து கொண்டுவந்த மெல்லிய வெள்ளைத் தாளைக் கசக்கி இரண்டு கைக்குள்ளும் வைத்து, சுருக்கம் ஒவ்வொன்றையும் நீவி உப்பவைத்து, அலமாரியில் மேல்தட்டில் தனியாக வைத்தேன்.